ராஜேந்திரன் படையில் புது ஆட்டக்காரர்

அரியலூர் மாவட்டத்தின் கங்கைகொண்டசோழபுரத்தைத் தலைநகராக்கிய ராஜேந்திர சோழன், 2022 ஏப்ரலில் உலகெங்கும் உள்ள கணினிகளுக்குள் நுழைந்தான்.

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2', 1999-இல் வெளிவந்த வியூக விளையாட்டு. கிராமத்தார் மரம் வெட்டி, தானியம் சேர்த்து, பொன் தோண்டித் தருவார்கள். அதைக்கொண்டு கோட்டையும் படையும் எழுப்ப வேண்டும். அதன் 'டைனாஸ்டிஸ் ஆஃப் இந்தியா' விரிவாக்கத்தில்தான் திராவிடர் என்ற தனி அணியும், ராஜேந்திரனின் போர்களைச் சொல்லும் தொடரும் வந்தன. உருமி வாள் சுழற்றும் வீரர்கள், 'திரிசடை' என்ற போர்க்கப்பல் எனச் சோழநாட்டுக்காரர்களைப் பெருமிதம் கொள்ளவைக்கும் அணி இது. குதிரைப்படைதான் பலவீனம்.

பெரம்பலூரிலோ ஜெயங்கொண்டத்திலோ வீட்டில் தனியாகக் கணினியை எதிர்த்தே ஆடிப் பழகியவருக்கு, இணையத்தில் மனிதர்களோடு மோதுவது வேறு உலகம். முதல் சில ஆட்டங்களில் தோல்வி அநேகமாக நிச்சயம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தோற்கத் தோற்கத் தரப்புள்ளி இறங்கும். சமபலம் உள்ள எதிராளி தானாகவே கிடைப்பார்.

அந்த உலகத்துக்கென்று பண்புகள் உண்டு. தொடங்கும்போது வாழ்த்து, முடிந்ததும் 'நல்ல ஆட்டம்' என்று ஒரு வரி. அரட்டைப் பெட்டியில் 11 என்று தட்டினால் சிரிப்பொலி கேட்கும். மொழி தெரியாதவரோடும் அதில் நட்பு பிறக்கும்.

ஆலோசனை கேட்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஆட்டம் முழுவதும் கோப்பாகப் பதிவாகிவிடுவதால், அதை அனுப்பினால் அனுபவசாலிகள் ஓட்டிப் பார்த்துச் சொல்வார்கள். போர்க்களத்தைவிட, புதிய கிராமத்தாரை உருவாக்குவது எந்த நிமிடத்தில் நின்றுபோனது என்பதையே அவர்கள் முதலில் தேடுவார்கள்.