உயரம் மட்டும் போதுமா?

சென்னை செல்லும் வன்னிச் சிறார் இனிக் காண விழைவது, திருப்போரூர் அருகே 2025 டிசெம்பரில் திறக்கப்பெற்ற வொண்டர்லா பூங்காவின் ‘தஞ்சோரா’ என்னும் ரோலர் கோஸ்டரை. தண்டவாளத்தின் கீழே ஆசனங்கள் தொங்க, கால்கள் அந்தரத்தில் ஆட, அது விரைகின்றது.

இத்தகைய ஊர்தியைத் தேர்ந்தெடுக்கும் பூங்காவினரை மயக்குவது உயரமே. அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் 2005இல் எழுந்த ‘கிங்டா கா’ 456 அடி உயர்ந்து உலகப் புகழ் பெற்றது. ஆயினும் 2024இல் ஓய்ந்தது. மறு ஆண்டே தகர்க்கப்பட்டது. மெல்பேர்ண் லூனா பூங்காவின் மர ஊர்தியோ 1912 முதல் ஓடிவருகின்றது. பெட்டிகளின் நடுவே நின்று, ஒருவர் தம் கையாலேயே அதன் தடையை இயக்குகின்றார்.

வாங்குவோர் உயரத்தை அளக்குமுன், குழந்தையைத் தாங்கும் பூட்டையும், அதனை நாள்தோறும் சோதிக்கப்போகும் கையையும் எண்ணிப் பார்த்தல் நன்று.