வாகனம் வாங்கும்போது பின்னால் இருப்பவரைக் கேட்டோமா?



பெண்கள் படிக்கும் பக்கங்களில் மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒரு மௌலவி எழுத வேண்டுமா என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் நமது கரையோர ஊர்களில், ஆஸ்பத்திரிக்கும், கலியாண வீட்டுக்கும், மையித்து வீட்டுக்கும், பிள்ளையின் பாடசாலைக் கூட்டத்துக்கும் நீங்கள் எதில் போகிறீர்கள்? பெரும்பாலும் கணவனுடையதோ மகனுடையதோ மோட்டார் சைக்கிளின் பின் ஆசனத்தில்தான். இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. அதைத் தெரிவு செய்வது ஆண். தெரிவு செய்யும்போது அவன் பார்ப்பது முன் ஆசனத்தை மட்டும். நானும் அப்படித்தான் ஒன்றை வாங்கினேன். வாங்கி, வருந்தி, விற்றும் விட்டேன்.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் வைத்திருந்தவை எல்லாம் 150 சீசீ ஸ்போட்ஸ் வகை. கைபிடி தாழ்ந்திருக்கும், கால் பின்னுக்குப் போகும், முதுகு முன்னே வளையும். இளமையில் அது சுகம். நாற்பதைக் கடந்த பின்னர் மணிக்கட்டு வலித்தது, கழுத்தும் வலித்தது. அத்துடன் ஒரு வெட்கமும் சேர்ந்துகொண்டது. ஜுப்பாவும் தொப்பியுமாக பெற்றோல் தாங்கியின் மேல் குனிந்துகொண்டு நான் போவதைப் பார்த்து, "மௌலவி சேர் றேஸ் ஓடுறார்" என்று மாணவர்கள் சிரிப்பது என் காதில் விழுந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, கால் நீட்டி, நிதானமாகப் போகக்கூடிய ஒரு வாகனம் வேண்டும் என்று மனம் சொல்லத் தொடங்கியது. அப்படித்தான் குரூசர் என்னும் கனத்த வகையின் மீது கண் போனது.

மனம் ஒன்றை விரும்பிவிட்டால் மௌலவிமாருக்கு ஆதாரம் கிடைப்பதில் சிரமமில்லை! குதிரையையும் கோவேறு கழுதையையும் கழுதையையும் ஏறிச் செல்வதற்காகவும் அலங்காரமாகவும் படைத்ததாக அல்லாஹ் ஸூரத்துந் நஹ்லில் சொல்கிறானே, அலங்காரம் ஆகாததா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். மனிதனுடைய நற்பேறுகளில் ஒன்று வசதியான வாகனம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக ஸஃத் இப்னு அபீ வக்காஸ் (ரழி) அறிவிக்கும் ஹதீஸையும் வீட்டில் எடுத்துச் சொன்னேன். அந்த ஹதீஸில் வாகனத்தோடு நல்ல மனைவியும் விசாலமான வீடும் நல்ல அயலவரும் எண்ணப்படுவதை அன்று நான் அவ்வளவாக அழுத்திச் சொல்லவில்லை.

அது 2021ஆம் ஆண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் புதியது கிடையாது. பழையவற்றின் விலையோ ஏறிக்கொண்டே போனது. கொழும்புப் பக்கத்திலிருந்து 350 சீசீ ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். கறுப்பும் வெள்ளியுமாகப் பளபளத்தது. என்னுடையதை விற்ற காசு போதவில்லை. வட்டிக்கு எடுக்கவும் முடியாது. மனைவியின் சீட்டுக் காசு இருந்தது. ஒரு ஸ்கூட்டி வாங்குவதற்காக அவர் இரண்டு வருடம் கட்டிச் சேர்த்த காசு அது. "தாங்க, பிறகு பார்ப்பம்" என்றேன். தந்தார். "பின்னால நான் ஒருக்கா இருந்து பார்க்கட்டா?" என்று மட்டும் கேட்டார். வண்டி வேறு ஊரில் இருக்கிறது, தாமதித்தால் இன்னொருவர் கொண்டு போய்விடுவார் என்று சொல்லி அந்தக் கேள்வியைக் கடந்துவிட்டேன்.

இந்த வகை வாகனம் எங்கே பிறந்தது என்பதை அறிந்தால் மற்றதெல்லாம் விளங்கும். அமெரிக்காவில் 1903இல் மில்வோக்கி நகரில் தொடங்கிய ஹார்லி டேவிட்சன் போன்ற நிறுவனங்கள், நூற்றுக்கணக்கான மைல் நேராகப் போகும் அகன்ற பாதைகளுக்காக வளர்த்தெடுத்த அமைப்பு இது. நமக்குப் பக்கத்தில் ரோயல் என்ஃபீல்ட் புல்லட், இந்திய இராணுவத்தின் தேவைக்காக வந்து, 1955 முதல் மதராஸில் பொருத்தப்பட்டது. இந்தியாவில் அவெஞ்சர் என்ற குரூசர் வந்தபோது, இதில் ஏறினால் இறைவனைப் போல் உணர்வாய் என்ற பொருளில் விளம்பரம் செய்தார்கள். அஸ்தஃபிருல்லாஹ்! நான் வாங்கியது அதுவல்ல. ஆனாலும் முதல் வாரம் கல்முனைச் சந்தியில் வண்டியை நிறுத்தி இறங்கியபோது என் நெஞ்சுக்குள் இருந்தது பணிவு அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நேர்ப்பாதைக்குப் பிறந்த வாகனம் நமது ஒழுங்கைக்கு வந்தால் என்ன ஆகும்? 150 சீசீ ஸ்போட்ஸ் வகையின் எடை 140, 150 கிலோ அளவில் இருக்கும். இது 190 கிலோவைத் தாண்டியது. சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் இடையில் நீளம் கூட, முன்சக்கரம் முன்னே சாய்ந்து நிற்கும். ஆகவே வளைவதற்கு இடம் கேட்கும். மதிலுக்கு மதில் முட்டும் எங்கள் ஒழுங்கையில் ஒரே வளைப்பில் வீட்டு வாசலுக்குள் எடுக்க முடியாது. இறங்கி, தள்ளி, பின்னெடுத்து, மறுபடியும் தள்ள வேண்டும். கடற்கரைப் பக்கம் போனால் பக்கத் தாங்கி மணலில் புதையும். அதற்கென்று ஒரு பலகைத் துண்டைப் பையில் வைத்துத் திரிந்தேன். வாங்கும்போது இவை ஒன்றும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

முதுகு வலிக்காகத்தானே மாற்றினேன்? அதுவும் கூடிவிட்டது. காரணம் எளிது. கால் பின்னால் இருக்கும் வண்டியில் பள்ளம் வந்தால் காலை ஊன்றிச் சற்று எழும்பலாம், அதிர்ச்சியை முழங்கால் வாங்கிக்கொள்ளும். குரூசரில் கால் முன்னே நீட்டியிருக்கும், எழும்ப முடியாது. உடம்பின் பாரமும் பள்ளத்தின் அடியும் நேரே இடுப்பெலும்பின் அடிக்குத்தான் போகும். கல்முனை அக்கரைப்பற்று வீதி நல்ல வீதிதான். ஆனால் ஊருக்கு ஊர் மஞ்சள் கடவை, பாடசாலைப் பிள்ளைகள், முச்சக்கர வண்டி, இரவில் கட்டாக்காலி மாடு. நாலு நிமிடம் சேர்ந்தாற்போல் ஒரே வேகத்தில் ஓடக் கிடைக்காது. கால் நீட்டிச் சவாரி செய்ய ஆசைப்பட்டவன், கிளச்சைப் பிடித்துப் பிடித்துக் கை வீங்கினேன்.

அயலவர் விடயத்தையும் சொல்ல வேண்டும். நமது பகுதியில் வீடு பெண்ணுக்கு உரியது, நாம் வந்து இருப்பவர்கள். ஒரே வளவில் மனைவியின் தங்கைமார் இருவரின் வீடுகளும் மாமியின் அறையும். சுபஹுக்குப் போக நான் வண்டியை இயக்கினால் மூன்று வீட்டுப் பிள்ளைகளும் விழித்துக்கொள்ளும். மாமி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்குப் போதுமாக இருந்தது. அதன் பிறகு ஒழுங்கை முடியும்வரை அந்த 190 கிலோவை இருட்டில் தள்ளிக்கொண்டு போய்த்தான் இயக்கினேன். தொழுகைக்கு முன்பே வியர்த்துவிடும். பள்ளிக்கு நடந்தே போயிருக்கலாம், தூரமும் இல்லை. அந்த எளிய யோசனை வருவதற்கு எனக்கு மாதங்கள் சென்றன.

2022 வந்தது. அந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கியூஆர் முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். எனக்குப் பாடசாலை போய்வர நாளுக்கு நாற்பது கிலோமீற்றருக்குக் கிட்ட. லீற்றருக்கு முப்பது, முப்பத்திரண்டு ஓடும் இந்த வண்டியில், வாரம் மூன்று நாள் பாடசாலை நடந்த அந்தக் காலத்திலும் மூன்றாம் நாள் மாலை வீடு வந்தால் தாங்கி காலி. மகளுக்குக் காய்ச்சல் வந்த ஓர் இரவு, தங்கையின் கணவரிடம் வண்டி கேட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். மனைவியிடம் ஒரு ஸ்கூட்டி இருந்திருந்தால் அதற்கும் தனியாக 4 லீற்றர் கிடைத்திருக்கும் என்று நான் கணக்குப் பார்த்தேன். அவரும் பார்த்திருப்பார்.

ஒரு நன்மையைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆசனம் தாழ்வு. ஸ்போட்ஸ் வண்டியின் உயர்ந்த பின் ஆசனத்தில் ஏறுவது போன்ற கஷ்டம் ஏறும்போது இல்லை. ஆனால் ஏறிய பின்? அவருக்கு மிஞ்சியது ஒரு சிறு மெத்தைத் துண்டு. நம் பெண்கள் ஒருபுறமாகக் கால் போட்டு இருப்பார்கள், பாரம் ஒரு பக்கம் விழும். வேகத்தில் அது தெரியாது. நிறுத்தும்போதும் வளைக்கும்போதும், ஏற்கெனவே கனமான வண்டி அந்தப் பக்கம் சாயப் பார்க்கும்.

2023இல் ஒரு நாள் அஸருக்குப் பிறகு நிந்தவூரில் ஒரு குடும்ப வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். காரைதீவில் முன்னால் ஒரு பஸ் நின்றதால் வேகத்தைக் குறைத்தேன். பின்னால் ஒரு சிறு சத்தம், பிறகு ஓர் இழுப்பு. அவருடைய அபாயாவின் ஓரம் பின்சக்கரத்துக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. வண்டி அவர் பக்கம் சாய்ந்தது, என் காலால் தாங்க முடியவில்லை. இருவரும் விழுந்தோம். மெதுவாகப் போனதால்தான், அல்லாஹ்வின் அருளால், முழங்கை உரசலோடு போயிற்று. தலைக்கவசம் வீதியில் இடித்த சத்தம் இன்னும் கேட்கிறது.

இனிச் சொல்லப் போவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எழும்பியதும் என் கை போனது வண்டிக்கு. அதை நிமிர்த்தப் பார்த்தேன். தாங்கியில் கீறல் விழுந்ததா என்றும் பார்த்தேன். சீலை சிக்கியபடி அவர் வீதியில் இருந்தார். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தமிழ் அம்மா கத்தரிக்கோலோடு ஓடி வந்து துணியை வெட்டி விட்டார். ஆண்கள் கூடுவதைக் கண்டு, தன் வீட்டிலிருந்து ஒரு சேலையைக் கொண்டு வந்து என் மனைவியைப் போர்த்தி உள்ளே அழைத்துச் சென்று தண்ணீர் கொடுத்தார். அந்தச் சேலையைத் துவைத்து, மஸ்கட் அல்வாவும் கொண்டு மறுவாரம் திருப்பிக் கொடுத்தோம்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆண்டுதோறும் நான் மாணவர்களுக்குக் கற்பிக்கும் ஒரு ஹதீஸ் நினைவில் வந்து நின்றது. பயணமொன்றிலிருந்து திரும்பும் வழியில் நபி (ஸல்) அவர்களின் ஒட்டகம் இடறியது. அவர்களும் பின்னால் இருந்த அன்னை ஸஃபிய்யா (ரழி) அவர்களும் கீழே விழுந்தார்கள். அபூ தல்ஹா (ரழி) ஓடி வந்து நபியவர்களுக்கு ஏதும் நேர்ந்ததா என்று விசாரித்தபோது, தமக்கு ஒன்றுமில்லை, அந்தப் பெண்ணைக் கவனியும் என்ற கருத்தில்தான் அவர்கள் பதில் சொன்னார்கள். ஸஹீஹுல் புகாரியில் இருப்பது. கைபரிலிருந்து திரும்பியபோது அன்னையவர்களுக்காகத் தமக்குப் பின்னால் ஒரு மேலாடையைச் சுற்றி இடம் அமைத்துக் கொடுத்ததையும், ஒட்டகத்தின் அருகில் அமர்ந்து, அவர்கள் கால் வைத்து ஏறத் தமது முழங்காலைக் கொடுத்ததையும் அனஸ் (ரழி) அறிவிக்கிறார்கள். அந்த மேலாடைக்கு அறிவிப்பில் வரும் அரபுச் சொல் எது தெரியுமா? அபாயா. என் வண்டியின் சக்கரத்தில் சிக்கிக் கிழிந்ததும் அபாயாதான்.

மறுநாள் வண்டியைக் கராஜுக்குக் கொண்டு போனேன். சக்கரத்தின் பக்கத்தில் துணி சிக்காமல் தடுக்கும் சேலைக் காப்பு இருக்க வேண்டிய இடத்தைப் பாஸ் காட்டினார். முந்திய சொந்தக்காரர் அழகுக்காகக் கழற்றியிருந்தார். நான் வாங்கும்போதே அது கண்ணில் பட்டது. இல்லாமல் இருப்பதும் ஒரு அழகுதான் என்று நினைத்தேன். இந்தியாவின் மோட்டார் வாகன விதிகளில், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பும், பின்னால் இருப்பவர் பிடிக்கக் கைபிடியும், கால் வைக்க மிதியும் கட்டாயம் என்று எழுதியிருக்கிறது. அங்கிருந்து வரும் வண்டிகளில் இவை இருப்பது அதனால்தான்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் வீட்டு வண்டியை இன்றே ஒருமுறை சுற்றிப் பாருங்கள். காப்பு இல்லையென்றால் போட்டுத் தரும்வரை ஏறாதீர்கள். கணவர் கோபித்தால் இந்தக் கட்டுரையைக் காட்டுங்கள். அபாயாவின் ஓரத்தையும் சால்வையின் முனையையும் மடியில் சுருட்டி வைத்த பிறகே "போகலாம்" என்று சொல்லுங்கள். உள்ளே தளர்ந்த காற்சட்டை அணிந்து, மறைப்புப் பேணி, இரு பக்கமும் கால் போட்டு இருப்பதைக் குறை சொல்வோர் இருக்கிறார்கள். மறைப்புப் பேணப்படும்போது உயிர்ப் பாதுகாப்பே முந்தியது என்பது என் கருத்து. புதிதாக வாங்கப் போகிறார்கள் என்றால், காசு கொடுக்குமுன் பின்னால் ஏறி ஒரு சுற்று வரக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

நான் அந்த வண்டியை உடனே விற்கவில்லை. விலை இறங்கும் என்ற பயமும், ஊர் சிரிக்கும் என்ற வெட்கமும் இரண்டு வருடம் தடுத்தன. 2025 பெப்ரவரியில் இறக்குமதி மறுபடி திறந்த பின்னர்தான் கொடுத்தேன். வாங்கிய விலை வரவில்லை. வந்த காசில் முதலில் மனைவியின் சீட்டுப் பணத்தை எடுத்து வைத்தேன். அவர் ஸ்கூட்டி வாங்கினார். கடையில் முதலில் அவர் குனிந்து பார்த்தது பின்சக்கரத்தை. மிச்சக் காசுக்கு எனக்கு ஒரு பழைய, மெலிந்த, சத்தமில்லாத வண்டி கிடைத்தது.

போன மாதம் அது கராஜில் இருந்தபோது, ஸ்கூட்டியில் அவரே என்னைப் பாடசாலை வாசல் வரை கொண்டு போய் விட்டார். ஏறுமுன் ஜுப்பாவைச் சுருட்டிப் பிடிக்கச் சொல்லி, நான் பிடித்த பிறகுதான் வண்டியை எடுத்தார்.