காத்திருக்கும் மோடத்துக்குக் கதவடைப்பு ஏன்?

செயற்கைக்கோள் தரைநிலையத்தில் ஒரே வேலைக்கு இரண்டு மோடம்கள்: ஒன்று ஓடும், மற்றது காத்திருக்கும். இரண்டின் ஈதர்நெட் கேபிளையும் சாதாரண சுவிட்சில் செருகினால் என்ன? இரண்டும் ஒரே அலையைக் கேட்பதால், வரும் தரவு இரட்டிப்பாக இறங்கும். இரண்டும் அனுப்பவும் தொடங்கினால் தரவு வளையமாகச் சுற்றவும் கூடும். ஐபி பொட்டலத்துக்கு இருப்பது போன்ற ஆயுள் வரம்பு ஈதர்நெட் சட்டகத்துக்குக் கிடையாது; அதனால் அந்தச் சுற்று ஓயாது. அதனால்தான், ஒரு மோடம் பழுதானால் மற்றதுக்கு வேலையை மாற்றும் மாற்றுச் சுவிட்ச், காத்திருக்கும் மோடத்தின் போர்ட்டை மூடியே வைக்கிறது.

இதில் ஒரு குசும்பு உண்டு. எந்த முகவரி எந்தப் போர்ட்டில் என்று ஈதர்நெட் சுவிட்ச் மனப்பாடம் செய்திருக்கும். பல சுவிட்சுகளில் அது 300 விநாடி நீடிக்கும். மோடம் மாறியும் தரவு பழைய வாசலுக்கே போகும். பழைய இணைப்பைத் துண்டித்தால் அந்த நினைவு அழியும்.

கேபிள் 100 மீட்டருக்குள் இருக்கட்டும். அதைவிட முக்கியம் அடையாளச் சீட்டு: மாற்றுச் சுவிட்சுக்குப் பழுது சொல்லும் கம்பி ஒரு மோடத்திலும் அதற்குரிய தரவுக் கேபிள் மற்ற மோடத்திலும் மாறிச் செருகப்பட்டால், ஒன்று பழுதாகும்போது நல்ல மோடம்தான் துண்டிக்கப்படும்.