மட்டாஞ்சேரி ஓவியங்களும் வேப்பம் பிசினும்

ஆலுவா: தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியத்துக்குச் செய்யும் மருத்துவம் மட்டாஞ்சேரி அரண்மனை ஓவியத்துக்குப் பொருந்தாது. இரண்டும் சுவரோவியங்களே. எனினும், வண்ணத்தைச் சுவரில் பற்றவைத்த பொருள் வேறு.

1555-ம் ஆண்டு வாக்கில் போர்த்துகீசியர்கள் கட்டி, கொச்சி மன்னர் வீரகேரள வர்மாவுக்கு அளித்த அரண்மனை இது. பின்னர் டச்சுக்காரர்கள் செப்பனிட்டதால் டச்சு அரண்மனை என்ற பெயரே நிலைத்துவிட்டது. பள்ளியறைச் சுவர்கள் முழுவதும் இராமாயணக் காட்சிகள்.

கேரள மரபில், சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர் மீது, இளநீர் கலந்த சுண்ணாம்பை 25 முதல் 30 முறை பூசுவர். காவிக்கற்கள் சிவப்பும் மஞ்சளும் தரும்; விளக்குக் கரி கறுப்பு தரும். அவுரி நீலத்துடன் மரப்பிசின் மஞ்சளைச் சேர்த்தால் பச்சை. சுவரின் வெண்மையே வெள்ளை நிறம். வண்ணங்களை வேப்பம் பிசினில் குழைத்து, உலர்ந்த சுவரில் தீட்டுவர். பிசின் நீரில் இளகக்கூடியது. ஈரத்துணியால் துடைத்தால் அழுக்கோடு ஓவியமும் போய்விடும். பருவமழை ஓயாத கொச்சியில் கூரைக் கசிவும் அதே வேலையைச் செய்துவிடும்.

தஞ்சையில் சோழர் ஓவியங்கள் 1931-ல் வெளிப்பட்டன. அவற்றை ஆராய்ந்த சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன், ஈரச் சுண்ணாம்பின் மீதே அவை தீட்டப்பட்டதாகக் கண்டறிந்தார். அங்கு சுண்ணாம்பே இறுகி வண்ணத்தைப் பிடித்துக்கொண்டது.

1970-ல் குருவாயூர் கோயிலில் தீவிபத்தில் ஓவியங்கள் அழிந்த பிறகுதான் இக்கலையைக் கற்பிக்கும் அக்கறை பிறந்தது. குருவாயூர் தேவஸ்வம் 1989-ல் பயிற்சி நிலையம் தொடங்கியது. ஆலுவா வட்டத்தில் உள்ள காலடி சமஸ்கிருதப் பல்கலைக்கழகத்திலும் சுவரோவியம் பாடமாக உள்ளது. ஆனால், புதிதாகத் தீட்டுவது வேறு. பழையதைக் காப்பது வேறு. காப்பவருக்குத் தூரிகையைவிட வேதியியல் அதிகம் தேவை. மங்கிய கோட்டை அழகாக்கும் ஆசையையும் அவர் அடக்கியாக வேண்டும். 

மட்டாஞ்சேரி அரண்மனைக்கு மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பு உண்டு. 1958-ம் ஆண்டுச் சட்டம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கே பொருந்தும். அந்தப் பட்டியலில் இடம்பெறாத சிறு கோயில்களில், திருப்பணியின்போது பழைய ஓவியத்தின் மீது வெள்ளையடிப்பதா, வேண்டாமா என்பதை முடிவு செய்பவர் பெரும்பாலும் உள்ளூர் கொத்தனார்தான்.