பறக்காத விமானத்தில் வேகம் காட்டுவது எப்படி? சிமுலேட்டர் திரைகளின் கதை

பைலட் பயிற்சிக்கான ஃப்ளைட் சிமுலேட்டர் தரையை விட்டுக் கிளம்பாது. ஆனால் அதன் காக்பிட் திரையில் வேகம் 250 நாட் என்று காட்டும். காற்றே வீசாத அறைக்குள்ள இந்த வேகம் எங்கிருந்து வருது?

நிஜ விமானத்தின் முன்பகுதியில் ‘பிட்டாட்’ எனும் சிறு குழாய்கள் இருக்கும். எதிர்க்காற்றின் அழுத்தத்தை இவை வாங்க, கணினி அதை வேகமாக மாற்றித் திரைக்கு அனுப்பும். சிமுலேட்டரில் எல்லாமே கணக்குதான். கட்டுப்பாட்டை அசைத்ததும் தாமதமின்றித் திரையும் அசைய வேண்டும்.

மூன்று வழிகள்

நிஜ விமானக் கருவிகளையே பொருத்தி, பொய்யான சிக்னல் கொடுத்து ஏமாற்றுவது ஒன்று. அதே மென்பொருளைச் சாதாரணக் கணினியில் ஓட்டுவது இரண்டாவது. பார்க்க அப்படியே இருக்கும் திரையைப் புதிதாக எழுதுவது மூன்றாவது. எல்லாம் சரியாக ஓடும்போது மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கோளாறு வரும்போதுதான் தெரியும்.

228 உயிர்கள்

2009 ஜூன் 1. ரியோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447. சுமார் 35,000 அடி உயரத்தில் பிட்டாட் குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்தன. வேகம் தப்பாகக் காட்டியது, ஆட்டோபைலட் விலகியது. ஒரு நிமிடத்துக்குள் வேக அளவீடு சரியானது. ஆனால் பைலட் விமானத்தின் மூக்கை உயர்த்தியபடியே இருந்ததால், இறக்கைகள் தூக்குவிசையை இழந்தன. இதுதான் ‘ஸ்டால்’.

அளவிடப்பட்ட வேகம் 60 நாட்டுக்குக் கீழே போனதும் ஸ்டால் எச்சரிக்கை நின்றுவிட்டது. மூக்கைத் தாழ்த்தினால், அதாவது சரியானதைச் செய்தால், மறுபடி அலறியது! கோளாறு தொடங்கி நாலரை நிமிடத்துக்குள் விமானம் அட்லான்டிக்கில் விழுந்தது. 228 பேரும் இறந்தனர்.

உயரமான வானில் இப்படியொரு நிலையைச் சமாளிக்க அந்தப் பைலட்டுகளுக்குப் பயிற்சி இல்லை என்றது 2012-ல் வெளியான பிரெஞ்சு விசாரணை அறிக்கை. அசாதாரணச் சூழல்களையும் சிமுலேட்டர்கள் அசலாகக் காட்ட வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அமெரிக்காவின் எஃப்ஏஏ 2013-ல் கொண்டுவந்த விதி, விமான நிறுவன பைலட்டுகள் முழு ஸ்டாலிலிருந்து மீள்வதை சிமுலேட்டரில் பழகுவதை 2019 முதல் கட்டாயமாக்கியது.

ஆக, நல்ல சிமுலேட்டர் திரை அழகாக இருந்தால் மட்டும் போதாது. நிஜத் திரை எப்படித் தப்பு பண்ணுமோ, அதே மாதிரி தப்பு பண்ணத் தெரியணும். அந்தத் தப்பை பைலட் முதன்முதலில் பார்க்க வேண்டிய இடம் வானமல்ல, இந்த அறைதான்.