மடக்கெழுத்தாணியும் வில்லுக்கத்தியும்: சேகரிப்போர் விரும்பும் கத்தி வகைகளின் சமூகப் பின்னணி

இலக்கிய ஆய்வில் ஈடுபட்டோர் சட்டைப்பைக் கத்திகளைப் பற்றி எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கக் கூடும். ஆயின் அண்மைக்காலம் வரை கத்தியின்றி எழுத்து இருந்ததில்லை. ஓலையை வாருவதற்கும், நாணற் பேனாவைச் சீவுவதற்கும், இறகின் நுனியைப் பிளப்பதற்கும் கத்தி தேவைப்பட்டது. ஆங்கிலேயர் இறகுப் பேனா சீவப் பயன்படுத்திய சிறு கத்தியின் பெயரே தமிழில் ‘பேனாக்கத்தி’ எனப் பெயர்க்கப்பட்டது. இறகு போய், உருக்கு முனை வந்து, அதுவும் போய்விட்டது. பெயர் மட்டும் நிலைத்துள்ளது. பொருளாதாரத் தேவை மறைந்த பின்னரும் சொல்லும் வடிவமும் நெடுங்காலம் வாழும் என்பதற்கு இதனை ஒரு சிறு சான்றாகக் கொள்ளலாம்.

மடக்குக் கத்தியை ஈழத்தில் ‘வில்லுக்கத்தி’ என வழங்குவர். இதில் வரும் வில் அம்பெய்யும் வில்லன்று. அலகின் முதுகுப்புறத்தே பிடிக்குள் கிடந்து, அலகைத் திறந்த நிலையிலும் மடித்த நிலையிலும் அழுத்திப் பிடித்திருக்கும் உருக்குப் பட்டையே அது. வில்வண்டி என்னும் சொல்லிலும் இதே வில்லைக் காணலாம். (எமது பல்கலைக்கழகம் அமைந்துள்ள ஒலுவிலின் ‘வில்’ இவ்விரண்டுமன்று. பொத்துவில், தம்பிலுவில், கோளாவில் ஆகியவற்றிற் போல அது நீர்நிலையைக் குறிப்பது.) பூட்டு ஏதுமின்றி வில்லின் அழுத்தத்தால் மட்டும் நிற்கும் இக்கத்திகளையே உலகெங்கும் உள்ள சேகரிப்போர் ‘மரபுக் கத்திகள்’ எனப் போற்றி வருகின்றனர்.

அவர்கள் பெரிதும் விரும்பும் வகைகளை நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அவற்றுட் பெரும்பாலானவை உழைப்பாளர் கத்திகள். அமெரிக்காவில் ‘ஸ்ரொக்மன்’ எனப்படும் மூன்றலகுக் கத்தி மாடு மேய்ப்போரின் தேவைக்கெனவும், ‘ட்ரப்பர்’ எனப்படும் ஈரலகுக் கத்தி விலங்குகளைப் பொறிவைத்துப் பிடித்துத் தோலுரிப்போருக்கெனவும் உருப்பெற்றவை. ‘பார்லோ’ இவற்றினும் பழையது. பிடியின் முன்பாகத்தில் நீண்ட இரும்புக் காப்புடைய மலிவான கத்தியாகிய இது இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரிலிருந்து கப்பலேறி அமெரிக்கச் சிறுவரின் பைகளை அடைந்தது. 1876இல் வெளிவந்த மார்க் ட்வெயினின் நாவலில் டொம் சோயர், வேதவசனங்களை ஒருவாறு மனனம் செய்தமைக்காகப் பன்னிரண்டரைச் சத மதிப்புள்ள பார்லோ ஒன்றைப் பரிசாகப் பெறுகிறான். அக்கத்தி எதையும் வெட்டவில்லை; எனினும் அவன் மகிழ்ச்சிக்கு அளவில்லை. சேகரிப்பாளரின் உளவியலை ட்வெயின் முற்கூட்டியே எழுதிவிட்டார் என நாம் சில வேளை நினைப்பதுண்டு.

பிரான்சின் அவெய்ரோன் பகுதியிலுள்ள ஒரு மலைக்கிராமத்தின் பெயரைத் தாங்கிய லயோல் கத்தியின் வரலாறு இன்னும் விரிவாக நோக்கத்தக்கது. 1829 அளவிலே தோன்றிய இக்கத்தியில் 1840 அளவில் கூரிய துளையூசி ஒன்று சேர்ந்தது. தோல் வார்களைத் துளையிடவும் வயிறு ஊதிய மாட்டுக்குத் துளையிட்டுக் காற்றை வெளியேற்றவும் மேய்ப்பருக்கு அது வேண்டியிருந்தது. 1880 அளவில் போத்தல் திறக்கும் திருகும் சேர்ந்தது. மலைநாட்டு மேய்ப்பருக்குத் தக்கைத் திருகு எதற்கு? வறிய அம்மலைப்பகுதியின் இளைஞர் பாரிசுக்குச் சென்று மதுக்கடைகளிலும் உணவகங்களிலும் ஊழியஞ் செய்யத் தொடங்கிய காலம் அது. ஊரைவிட்டு நகரத்துக்குக் கூலிக்குச் சென்றவர்களின் பயணம் அக்கத்தியின் உடலிலேயே பதிவாகியுள்ளது. இன்று சேகரிப்போர் அதன் வில்லின்மீது செதுக்கப்பட்ட தேனீயின் அழகைப் பேசுகின்றனர். திருகைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அப்பெயருடன் விற்கப்படும் கத்திகளிற் பெருந்தொகையானவை அக்கிராமத்திலன்றி தியேர் நகரிலும், மலிவானவை சீனத்திலும் பாகிஸ்தானிலும் செய்யப்படுகின்றன என்பதையும் சொல்லி வைக்கலாம்.

சவோயில் ஜோசப் ஒப்பினெல் 1890 அளவில் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தியையும், ஜப்பானின் மிக்கி நகரத்து ‘ஹிகோ நோ காமி’யையும் இவ்வரிசையிற் சேர்க்கலாம். பின்னது ஜப்பானியப் பள்ளிச் சிறுவரின் பென்சில் சீவும் கத்தி. 1960 ஒக்டோபரில் சோஷலிசக் கட்சித் தலைவர் அசனுமா இனெஜிரோ மேடையிலே வலதுசாரி இளைஞனொருவனால் வாளாற் குத்திக் கொல்லப்பட்டார். அதனை அடுத்துச் சிறுவர் கையிற் கத்தி இருக்கலாகாதென்ற இயக்கம் எழுந்து, அக்கத்தித் தொழில் பெரிதும் நலிந்தது. கொலையாளியை உருவாக்கிய அரசியலை விட்டுப் பென்சில் சீவியவர் கையைப் பற்றிய விசித்திரத்தை என்னென்பது!

இக்கத்திகளைச் செய்தோர் யாவர்? ஷெஃபீல்டின் அரைப்புத் தொழிலாளரைப் பற்றி ஏங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலைபற்றிய தமது 1845ஆம் ஆண்டு நூலில் எழுதியுள்ளார். உலர்கல்லில் அரைப்போரின் சராசரி ஆயுள் முப்பத்தைந்தை எட்டுவதே அரிதென்றும், ஈரக்கல்லில் அரைப்போர் நாற்பத்தைந்தைக் கடப்பது அரிதென்றும் அவர் குறிக்கிறார். கல்லின் தூளும் உருக்கின் தூளும் நெஞ்சை அடைத்தன. தூசியைக் குறைக்கும் ஏற்பாட்டைத் தொழிலாளரே சில வேளை எதிர்த்தனர் என்பதையும் அவர் மறைக்கவில்லை. சாவு குறைந்தால் ஆள் பெருகும், ஆள் பெருகினால் கூலி விழும் என்று அவர்கள் அஞ்சினர். கூலியுழைப்பின் குரூரத்தை இதனினும் சுருக்கமாக விளக்கும் செய்தியை நாம் அறியோம். அடிப்போர், அரைப்போர், பிடி பொருத்துவோர் எனத் தொழில் பிரிந்து கிடந்த அந்நகரில் வாடகைப் பட்டறையில் தனித்துழைத்த கைவினைஞரின் மரபு எமது காலம்வரை மெலிந்து வந்தது. அம்மரபின் புகழ்பெற்ற கடைசித் தலைமுறையைச் சேர்ந்த ஸ்ரான் ஷோ 2021இல் மறைந்தார். அவரது கத்திக்காகச் சேகரிப்போர் ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தனர்.

சேகரிப்போரை நாம் ஏளனஞ் செய்வதாகக் கருதவேண்டாம். அலகின் அடியிற் பொறித்த குறிகளைக் கொண்டு கத்தி செய்யப்பட்ட ஆண்டை அறியும் கலையை வளர்த்தவர்கள் அவர்களே. அமெரிக்காவின் கேஸ் நிறுவனம் 1970இல் தன் பெயரின் கீழ்ப் பத்துப் புள்ளிகளைப் பொறித்து, ஆண்டுக்கொன்றாகக் குறைத்து வந்ததை இன்று பல்லாயிரவர் மனப்பாடமாக அறிவர். எமது ஓலைச்சுவடிகளின் காலத்தைக் கணிப்பதில் இத்துணை ஊக்கம் காட்டப்பட்டிருப்பின் எவ்வளவோ பயன் விளைந்திருக்கும். எமது விமர்சனம் வேறிடத்திலுள்ளது. அவர்களது சந்தையில், ஒரு முறையேனும் தீட்டப்படாத கத்திக்கே உச்ச விலை. தீட்டித் தேய்ந்ததற்கு மதிப்பில்லை. அதாவது, பயன்பட்ட அளவுக்குப் பெறுமதி இழக்கிறது. பயன்பெறுமதியும் பரிவர்த்தனைப் பெறுமதியும் ஒன்றையொன்று இவ்வளவு வெளிப்படையாக விலக்கி நிற்கும் பண்டங்கள் சிலவே.

தமிழர் நடுவே எழுத்தும் கத்தியும் ஒரே பிடிக்குள் மடங்கிக் கிடந்த கருவி மடக்கெழுத்தாணி. குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்னும் வகைகளை உ. வே. சாமிநாதையர் 1940களின் தொடக்கத்தில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த தமது சுயசரிதத்தில் விளக்கியுள்ளார். கொண்டை கனத்தது குண்டெழுத்தாணி; ஒரு முனையில் ஓலை வாருங் கத்தியுடையது வாரெழுத்தாணி; பிடிக்குள் மடக்கி வைக்கத்தக்கது மடக்கெழுத்தாணி. ஓலையை வாரி அளவாக்குவதும் அதன்மேற் கீறுவதும் ஒரே கையின் வேலையாக இருந்தன என்பதே இங்கு கவனிக்கவேண்டியது. ஏட்டைப் பாடியவரும் எழுதியவரும் ஒருவராயிராமல் இருக்கலாம். எனினும் எழுதியவர் தமது எழுதுபொருளைத் தாமே ஆக்கிக்கொள்ள அறிந்திருந்தார். அச்சும் தாளும் வந்தபோது ஏடெழுதுவோரின் தொழில் ஒழிந்தது. கத்தி எழுத்தாளனின் கையைவிட்டு நீங்கியது. மூளை உழைப்புக்கும் கை உழைப்புக்குமிடையே ஏற்பட்ட பிளவின் ஒரு படியை இக்கருவியின் மறைவிற் காணலாம்.

கண்டி இராச்சியத்தின் ‘பிஹா கெட்ட’ எனப்படும் கத்தி இதற்குச் சற்று வேறுபட்டது. அது மடங்குவதன்று. கனத்த அலகும், வெள்ளியும் பித்தளையும் பதித்த அடியும், தந்தத்தாலோ கொம்பாலோ ஆன பிடியும் கொண்டு அரண்மனைப் பட்டறைகளில் உருவானது. பிரதானியரின் இடையில் விளங்கிய அதன் உறைக்குள் எழுத்தாணியும் செருகப்பட்டிருப்பதைப் பல அரும்பொருட்சாலை மாதிரிகளிற் காணலாம். அதிகாரமும் எழுத்தும் ஒரே உறையில் இருந்தன என்பது வெறும் உவமையன்று. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் இக்கைவினைகளைப் பதிவுசெய்தார். அந்நூல் சோஷலிஸ்டான வில்லியம் மொரிஸ் முன்னர் பயன்படுத்திய அச்சியந்திரத்திலேயே அச்சாயிற்று. நிலமானிய அமைப்பின் கைவினைஞரைக் குமாரசுவாமி ஓரளவு இலட்சியப்படுத்தியே கண்டார் என்பது எமது கருத்து. இராசகாரியக் கடமையின் பளு அவர் சித்திரத்திற் போதிய அளவு விழவில்லை. ஆயினும் அவர் எழுதியிராவிடின் நாம் மறுக்கவும் ஏதும் இருந்திராது. 1815இல் இராச்சியம் வீழ்ந்த பின்னர் இக்கத்திகள் வெள்ளையர் கைப்பட்டு, ஐரோப்பிய அரும்பொருட்சாலைகளையும் ஏலக்கூடங்களையும் அடைந்தன.

உழவர் இடையிலிருந்த கத்தியின் கதி வேறு. மலபாரில் மாப்பிளை முஸ்லிம்கள் தரித்த மலப்புரம் கத்தியை 1854இல் பிரித்தானியர் தனிச் சட்டமியற்றித் தடைசெய்தனர். சன்மிகளின் நிலவுடைமைக்கெதிராக எழுந்த கிளர்ச்சிகளே அதன் பின்னணி. அச்சட்டத்தை நடைமுறைப்படுத்திய கலெக்டர் கொனொலி மறு ஆண்டே கொல்லப்பட்டார். உத்தரப்பிரதேசத்தின் ராம்பூர் மடக்குக் கத்தியை இந்தித் திரைப்படங்கள் போக்கிரியின் ஆயுதமாக்கின. அதன் கைவினைஞர் தொழில் நலிந்த பின்னர், 2023இல் ராம்பூரின் நாற்சந்தியில் இருபதடி நீளக் கத்தியொன்று நினைவுச்சின்னமாக நிறுவப்பட்டது.

இனி ஒலுவிலுக்கு வருவோம். இக்கரையோர முஸ்லிம் ஊர்களில் பிஹா கெட்ட போன்ற அலங்காரக் கத்தியை நாம் தேடவில்லை, தேடினும் பயனில்லை. போடியாரின் வெற்றிலை வட்டாவிற் பித்தளைப் பாக்குவெட்டி இருந்தது. வெட்டுக்காரரின் கையில் அருவி வெட்டும் தாக்கத்தி இருந்தது. பன் பாய் இழைக்கும் பெண்களிடம் பன்னைக் கிழிக்கும் சிறு கத்தி இருந்தது. ஒஸ்தாவின் பையில் மடக்குச் சவரக்கத்தி இருந்தது. ஊரார் தலைமழிக்கவும் சுன்னத்துச் செய்யவும் அழைத்த அக்கையுடையாரைச் சம்பந்தங் கலக்க அழைக்கத் தயங்கினர். கருவியின் வரிசையே வர்க்கத்தின் வரிசையாகவும் சாதியை ஒத்த வேறுபாட்டின் வரிசையாகவும் இருந்தமை கவனிக்கத்தக்கது. இவற்றுட் பாக்குவெட்டியையே பழம்பொருள் வாங்குவோர் விரும்பிக் கேட்கின்றனர். தாக்கத்தியை எவரும் கேட்பதில்லை. வெட்டு இயந்திரங்கள் வயலுக்கு வந்த பின்னர் பழைய இரும்புக்காரரே அதற்கு விலை சொல்கின்றனர்.

2004 டிசம்பர் 26இன் கடல்கோளில் இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மனிதர் போன இடத்தில் வட்டாவுக்கும் கத்திக்கும் கணக்கெழுதுவார் யார்? கரையோர வீடுகளில் எஞ்சியவை எவை என்ற பட்டியல் எம்மிடம் இல்லை. அதனை இப்போதாவது தொடங்கவேண்டுமென்று எமது மாணவரிடம் வற்புறுத்தி வருகிறோம். கம்மாலைகளில் உலையை மூட்டி நிற்கும் முதியோர் சிலர் இன்னும் உளர். அவர்களிடம் கேட்டெழுதவேண்டியவை உருக்கின் பதம், பிடியின் மரம், கூலி நெல்லாகக் கிடைத்ததா காசாகவா என்பன.

ஒலுவிலில் நாம் சந்தித்த முதிய விவசாயி ஒருவர், சாரத்தின்மேற் கட்டிய அகன்ற இடுப்புப்பட்டியின் பையிலிருந்து வில்லுக்கத்தி ஒன்றை எடுத்துக் காட்டினார். அதிற் பெயரேதும் இல்லை. பிடி மாட்டுக்கொம்பு. அலகு தீட்டித் தீட்டி அரைவாசி அகலமாகியிருந்தது. வாப்பாவின் கத்தி என்றார். பாக்குச் சீவவும் புகையிலை நறுக்கவும் கயிறறுக்கவும் அதுவே. விற்பீர்களா என்று எம்முடன் வந்த மாணவர் கேட்டார். “அப்ப நான் பாக்கை என்னத்தால சீவுற, தம்பி?” என்று கேட்டுவிட்டு, அலகை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.