மூக்கில் வளரும் சதையும் முங்கிக் குளிக்கும் குளமும்

ஞாயிறு திருப்பலியில் நற்கருணை வழங்கிக்கொண்டிருந்தேன். என்னருகே தட்டேந்தி நின்ற பீடச் சிறுவனின் வெள்ளை அங்கியின்மீது இரண்டு துளி இரத்தம் விழுந்தது. அவன் பதறவில்லை, அங்கியின் கைப்புறத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தட்டைச் சற்றும் சாய்க்காமல் நின்றான். இரத்தத்தைவிட அவனுடைய அந்த நிதானமே என்னைத் துணுக்குறச் செய்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தன் மூக்கிலிருந்து இரத்தம் வடிவது பழகிப்போன செய்தியாக இருக்கிறதென்றால், அது எத்தனை நாளாக நடந்துவருகிறதோ என்று எண்ணினேன்.

பூசை முடிந்ததும் அவனுடைய தாயையும் பாட்டியையும் பங்கு இல்லத்துக்கு அழைத்துக் கேட்டேன். “சிமெண்ட் லாரி போற தூசிங்க சாமி, மூக்கு காஞ்சு வெடிச்சிருது. ஒரு வருசமா இப்படித்தான் இருக்கான்” என்றார் தாய். பாட்டியின் கவலை வேறு. “பெரியவளுக்கு வரன் பார்த்துக்கிட்டிருக்கோம் சாமி. தம்பிக்கு என்னமோ நோவுன்னு வெளியில தெரிஞ்சா, வர்றவங்களும் நின்னுருவாங்க.” ஓராண்டுக் காலம் அவ்வீட்டார் மருத்துவரை நாடாததற்குக் காரணம் பணமில்லாமை அன்று என்பது எனக்கு விளங்கிற்று.

அரியலூர்ச் சீமையில் மூக்குக்கு எது நேர்ந்தாலும் பழி சிமெண்ட் தூசியின்மேல் விழுவது வழக்கம். தூசி குற்றமற்றது என்று சான்றளிக்க நான் முன்வரவில்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓயாது ஓடும் சாலையோரத்தில் குடியிருப்போருக்கு மூக்கெரிச்சலும் தும்மலும் அடைப்பும் உண்டாவதை நாளும் காண்கிறோம். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே குற்றவாளியைப் பிடித்துக்கொண்டால் உண்மையான குற்றவாளி தப்பிவிடுவான். கைவிளக்கை அச்சிறுவனின் மூக்கினுள் அடித்துப் பார்த்தேன். வலது நாசியில், கொடைக்கானல் சாலையில் கூடைகளில் விற்கிறார்களே ஸ்ட்ராபெர்ரி, அப்பழத்தைப் போன்று செந்நிறச் சதையொன்று தெரிந்தது. அதன்மீது வெண்மையான சிறு புள்ளிகள். நான் மருத்துவனல்லன். ஆயினும் முன்பொருகால் மருத்துவமனைச் சிற்றாலயமொன்றில் பணியாற்றியபோது, இத்தகைய சதையை மருத்துவர் ஒருவர் எனக்குக் காட்டி விளக்கியதுண்டு. “உங்கள் பிள்ளை எந்தக் குளத்தில் குளிக்கிறான்?” என்று கேட்டேன். தூசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த தாய்க்கு அக்கேள்வி விந்தையாக இருந்தது.

ரைனோஸ்போரிடியோசிஸ் என்பது இந்நோயின் பெயர். வாயில் நுழையாத இப்பெயரை வாசகர்கள் மனப்பாடம் செய்யத் தேவையில்லை; அதன் அடையாளத்தை மனத்தில் இருத்தினால் போதும். ஒரு பக்க நாசி அடைத்துக்கொள்ளும். தொட்டாலும் சீந்தினாலும் இரத்தம் வரும். சிவந்த சதை நாளடைவில் வளர்ந்து தொண்டைப் பக்கமாகவும் இறங்கக்கூடும். கண்ணின் உட்புறத்தையும் இது பற்றுவதுண்டு. உலகின் பல நாடுகளில் தென்பட்டிருப்பினும், நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் இந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்தவர்களே. சதையின்மீது காணும் வெண்புள்ளி ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய பை. முதிர்ந்த பையினுள் ஆயிரக்கணக்கான வித்துகள் அடைபட்டிருக்கும். பை வெடித்ததும் அவை சிதறிப் பக்கத்துச் சவ்வில் தங்கிப் புதிய பைகளாகும்.

இந்த வித்து எவ்வகை உயிர் என்று கண்டறிய மருத்துவ உலகுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. அர்ஜென்டினா நாட்டின் புவனோஸ் அயர்ஸ் நகரில் கில்யெர்மோ சேபர் என்ற மருத்துவ மாணவர், உழவுத் தொழிலாளி ஒருவரின் மூக்குச் சதையை ஆராய்ந்து, 1900ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டில் இதனை வெளியிட்டார். ஒருவகை நுண்விலங்கு என்பது அவர் கருத்து. 1903இல் கல்கத்தாவிலிருந்து ஓகினீலி என்ற மருத்துவர் இந்திய நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். 1923இல் எடின்பரோவின் ஆஷ்வொர்த், இது விலங்கன்று, பூஞ்சைக் காளானைச் சேர்ந்தது என்று தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பே நெடுங்காலம் பாடநூல்களில் நிலைத்திருந்தது. பிறகு மரபணுவை ஒப்புநோக்கும் முறை வந்தது. 1999இல் வெளியான ஆய்வு, இவ்வுயிர் காளானும் அன்று, மீன்களைப் பற்றும் சில ஒட்டுயிர்களின் நெருங்கிய உறவு என்று காட்டிற்று. விலங்கினமும் காளானினமும் பிரிந்து சென்ற வழியின் கவட்டருகே நிற்கும் ஒரு பழங்குலம்! மீனின் உறவு என்றதும் தண்ணீரின் நினைவு எழுகிறதன்றோ?

உண்மையில் தண்ணீரின்மீதான ஐயம் மரபணு ஆய்வுக்கு நெடுநாள் முன்பே எழுந்தது. பூனா நகரில் ஆற்றில் இறங்கி மணல் அள்ளும் தொழிலாளரிடையே இந்நோய் மிகுந்திருப்பதை நொரோனா என்னும் மருத்துவர் 1933இல் எடுத்துரைத்தார். நம் நாட்டுக் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் சி. சத்தியநாராயணா 1960இல் 255 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து வெளியிட்டார். இலங்கையில் கருணாரத்தின 1964இல் இந்நோய்க்கென்றே ஒரு நூல் எழுதினார். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் அர்சகுலரத்ன பின்னர் பல்லாண்டுகள் இதனையே ஆராய்ந்தார். கன்னியாகுமரி மாவட்டத்தில் நடத்தப்பெற்ற கணக்கெடுப்பின் முடிவுகள் 1988இல் வெளியாயின. இவர்கள் அனைவரின் கண்ணும் குளத்தையும் ஆற்றையுமே நோக்கின. தேங்கிய நீரில் தலைமுழுகக் குளிப்போர், ஆடுமாடுகளோடு ஒரே நீரைப் புழங்குவோர், மணல் அள்ளுவோர் ஆகியோரையே இது மிகுதியாகப் பற்றுகிறது. மணலும் சேறும் உராய்ந்து மூக்கின் உட்சவ்வில் உண்டாகும் நுண்ணிய கீறல் வழியே வித்து உட்புகுகிறது என்பது பெரும்பாலோர் கருத்து. எனினும் அது நீரில் எங்கே, எவ்வடிவில் வாழ்கிறது என்பது இன்னும் தெளிவாகவில்லை. ஆய்வுக்கூடத்தில் தனியே வளர்த்துக் காட்டும் முயற்சியும் ஐயத்துக்கிடமற்ற வெற்றியை எட்டவில்லை. ஒரே குளத்தில் நூறு பேர் குளிக்க, ஒருவருக்கு மட்டும் வருவானேன் என்பதற்கும் விடையில்லை.

நம் பகுதியை எண்ணிப் பாருங்கள். தெற்கே கொள்ளிடம், வடக்கே வெள்ளாறு, நடுவே மருதையாறு. கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திர சோழன் வெட்டுவித்த பேரேரி முதல், கரைவெட்டி ஏரி வரை, பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஏரி குளம் இல்லாத ஊர் அரிது. போதாக்குறைக்குச் சுண்ணாம்புக்கல்லைத் தோண்டியெடுத்துக் கைவிட்ட பள்ளங்களில் மழைநீர் தேங்கிக் கிடக்கிறது. கோடை விடுமுறையில் பிள்ளைகள் அங்கேதான் கிடக்கிறார்கள். நம் சிறுவனும் மாடுகளைக் குளிப்பாட்டும் குட்டையொன்றில் நாள்தோறும் முங்கி, அடிச்சேற்றை அள்ளிவந்து காட்டும் பந்தயத்தில் வல்லவனாம்! அதை அவனே பெருமையோடு சொன்னான்.

இனி, அவ்வீட்டாரின் அச்சத்துக்கு வருவோம். இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று எதுவுமில்லை. வழிவழி வரும் குலநோயும் அன்று. ஆகவே தம்பியின் மூக்கை முன்னிட்டு அக்காளின் திருமணத்தைத் தடுப்பது அறியாமையேயன்றி வேறில்லை. பாட்டியோ, “கருப்புப் பூஞ்சைன்னு சொன்னாங்களே, அதுவா சாமி?” என்று மெல்லக் கேட்டார். 2021இல், கொரோனாவை அடுத்து வந்து பலருடைய கண்ணையும் உயிரையும் பறித்த அந்நோயை யார் மறப்பர்? அதுவும் மூக்கிலும் அதனையடுத்த எலும்புக் குழிகளிலும் தொடங்குவதே. ஆனால் அது பெரும்பாலும் கட்டுக்கடங்காத நீரிழிவு உடையோரையும், ஸ்டீராய்டு மருந்து மிகுதியாக உட்கொண்டோரையும் தாக்கிச் சில நாள்களுக்குள் பரவுவது. முகம் வலித்து வீங்கி, மூக்கில் கருநிறப் பொருக்கு காணின் அன்றே மருத்துவமனைக்கு ஓடவேண்டும். நாம் பேசும் நோயோ மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வது.

பீனிசம் என்று நம் முன்னோர் குறித்த நோயும் வேறு. நெற்றிக்கும் கன்னத்துக்கும் உட்புறமுள்ள காற்றறைகளில் சளி தேங்குவதால் தலைப்பாரமும் முகவலியும் அதில் உண்டாகும். ஒவ்வாமையால் மூக்கில் வளரும் சதையோ திராட்சைபோல் வெளிறியிருக்கும். எளிதில் இரத்தம் கசியாது. மூக்கினுள் தெளிக்கும் மருந்துக்கே பல வேளை சுருங்கிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் சதைதான். ஒரு பக்க நாசியில் மட்டும் அடைப்பும் இரத்தமும் தொடர்ந்து காண்பது, அரிதாகப் புற்றின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். வெட்டியெடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும்.

இதற்கிடையே ஒன்றைத் தாய் என்னிடம் மறைத்திருந்தார். ஆறு திங்களுக்கு முன்பு, சந்தைக்கு வரும் ஒருவர் ஏதோ காரத்தை வைத்து அச்சதையைப் பிடுங்கி எடுத்தாராம். இரத்தம் பெருகி, பிள்ளை மயங்கிவிட்டான். இரண்டு திங்கள் சுகம். பிறகு முன்னைவிடப் பெரிதாக வளர்ந்தது. காரணம் எளிது. வேரை விட்டுச் சதையைப் பிய்த்தால் பைகள் உடைந்து வித்துகள் நாற்புறமும் சிதறும். ஓரிடத்து நோயை ஒன்பதிடத்தில் விதைத்தவாறாகும்.

முறையான சிகிச்சை அறுவை ஒன்றே. உட்கொள்ளும் மருந்து மட்டும் இச்சதையைக் கரைத்துவிடாது. ஹெரால்டு ஹாப்கின்ஸ் என்ற ஆங்கில இயற்பியலறிஞர் வகுத்த கண்ணாடித் தண்டு உள்நோக்கி வந்த பிறகு, சதையின் அடிப்பகுதி எங்கே ஒட்டியுள்ளது என்பதை மருத்துவர் கண்ணாரக் காண முடிகிறது. சதையை அடியோடு அகற்றி, அது பற்றியிருந்த இடத்தை மின்சூட்டினால் சுட்டுவிடுகிறார்கள். அப்படியும் சிலருக்குத் திரும்ப வருகிறது என்பதை மறைப்பதற்கில்லை. தொழுநோய்க்கு வழங்கப்படும் டாப்சோன் மாத்திரை வித்துப்பைகள் முதிர்வதைத் தடுக்கும் என்று 1979இல் வெளியான ஓர் ஆய்வு கூறிற்று. அதுமுதல் அறுவைக்குப் பின் சில மாதங்கள் இதனைக் கொடுக்கும் மருத்துவர் உளர். எல்லோரும் இதில் ஒருமனப்பட்டவர்களல்லர். சிலருடைய உடலில் இம்மாத்திரை இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆதலால் இரத்தச் சோதனையின்றி, மருத்துவர் சொல்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் மிச்சம் வைத்ததை வாங்கி விழுங்கலாகாது. அரியலூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டுள்ளது. திருச்சி அரசு மருத்துவமனையும் தொலைவிலில்லை.

“அடைக்கல மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறோம், அது போதாதா சாமி?” என்று பாட்டி கேட்டார். ஏலாக்குறிச்சியின் வரலாற்றையே அவருக்கு நினைவூட்டினேன். அரியலூரை ஆண்ட மழவராயர் இராசபிளவை என்னும் கொடிய கட்டியால் வருந்தியபோது, வீரமாமுனிவர் அன்னையை வேண்டியதோடு நின்றுவிடவில்லை. மருந்திட்டுக் குணப்படுத்தினார் என்றே வழிவழியாகச் சொல்லப்படுகிறது. சீராக் ஆகமத்தின் 38ஆம் அதிகாரமும் செபத்தையும் மருத்துவரையும் அடுத்தடுத்தே வைத்துப் பேசுகிறது. பாட்டி சிறிது நேரம் பேசாமலிருந்து, “அப்ப ரெண்டையும் செஞ்சுருவோம்” என்றார்.

பிள்ளைகளைத் தண்ணீருக்கே அனுப்பாதிருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். நீந்தத் தெரியாத கிராமத்துப் பிள்ளை வேறோர் ஆபத்துக்கு உள்ளாவான். ஆடுமாடு கழுவும் குட்டையிலும், கலங்கித் தேங்கிய பள்ளத்திலும் தலைமுழுகலாகாது. மனிதர் குளிக்கும் துறையும் கால்நடை இறங்கும் துறையும் தனித்தனியே இருத்தல் நலம். ஊர்க் கூட்டத்தில் இதைச் சொன்னேன். “அந்தக் காலத்துல எல்லாரும் அதுலதானே குளிச்சோம்” என்றார் ஒரு பெரியவர். அந்தக் காலத்தில் மூக்கில் சதை வளர்ந்தவர்களே இல்லையா என்று கேட்டேன். சற்று யோசித்து, தம் சிற்றப்பாவுக்கு இருந்ததாக ஒப்புக்கொண்டார்.

சிறுவனுக்கு அறுவை நடந்து பதினான்கு திங்கள் ஆகின்றன. மூன்று திங்களுக்கு ஒருமுறை உள்நோக்கியால் சோதிக்கிறார்கள். ஒருமுறை கடுகளவு மீண்டும் தலைகாட்டியதை அங்கேயே சுட்டு அகற்றினர். அக்காளுக்கு ஆலயத்தில் ஓலை வாசித்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டாரிடம் தம்பியின் நோயைப் பற்றித் தாயே முன்வந்து சொல்லிவிட்டார். அவர்கள் கேட்டதெல்லாம், எந்த ஆஸ்பத்திரியில் காட்டினீர்கள் என்பதுதான். அவர்கள் உறவில் ஒருவருக்கும் ஓராண்டாக மூக்கில் இரத்தம் வருகிறதாம்.